இனிஷ்ரோன் பெட்டியில் நான்காவது ஓட்டு

இனிஷ்ரோன் தீவு, டொனிகால்
20 ஏப்ரல் 2018

டிம்ப்னாவுக்கு,

"அன்புள்ள" என்று போட மனம் வரவில்லை. போடாமலே எழுதுகிறேன். டெலிபோனில் கூப்பிடாதே, கூப்பிட்டால் வைத்துவிடுவேன். டெலிபோனில் நீ அழுவாய், நான் இறங்கிப் போவேன். சின்ன வயதிலிருந்து நடக்கிற கதை அது. காகிதத்தில் உன் அழுகை எடுபடாது.

செவ்வாய்க்கிழமை காலை கூட்டுறவுக் கடையில் ரொட்டிக்காகக் காத்திருந்தேன். படகு தாமதம். கல்லாவில் பிரிஜிட், சுற்றி ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர். ரேடியோவில் அடுத்த மாத ஓட்டெடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த நாட்டில் இப்போது வேறு பேச்சு ஏது? கருக்கலைப்பைச் சட்டப்படி அனுமதிக்கலாமா கூடாதா, ஆம் என்று போடு, இல்லை என்று போடு, காது புளித்துவிட்டது. அப்போது, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண் பேசப் போகிறாள் என்றார்கள்.

"எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. லிவர்பூலுக்குப் போனேன். சித்தி கூட இருந்தாங்க. ரெண்டு நாளும் என் காலை மடியில வெச்சு நீவி விட்டாங்க. அம்மாகிட்ட சொல்லல. அம்மாகிட்ட சொல்ல முடியாது."

பெயர் சொல்லாவிட்டால் என்ன? அவள் பேசிய நம் தீவு வழக்கு ஐரிஷ் மொழியைப் பேசுகிறவர்கள் உலகத்திலேயே நாற்பது பேர் இருந்தால் அதிகம். அதில் லிவர்பூலில் சித்தி உள்ள முப்பது வயதுக்காரி என் மகள் ஈமர் ஒருத்திதான். டப்ளினில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இந்தக் கணக்குத் தெரியவில்லை. கடையில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிரிஜிட் ரேடியோவை அணைத்துவிட்டு, "பால் ஒண்ணா ரெண்டா, அசும்ப்டா?" என்றாள். ரெண்டு என்றேன். வீட்டில் பால் இருந்தது.

அவள் செய்தது எனக்குப் பாவம். அதை மறைத்துப் பேச மாட்டேன். நம் வாசலில் "இல்லை" போஸ்டரைக் கட்டியவள் நான்தான், படகுத்துறையில் கட்டியவளும் நான்தான். அந்தப் பாவத்துக்கு அழுதேன், ஜெபமாலை சொன்னேன். அது தனி. என் வயிறு எரிவது வேறொன்றுக்கு. அந்தக் காலை நீவி விட நீ யார்? பத்து மாதம் சுமந்தாயா, பல் முளைத்தபோது விழித்திருந்தாயா? நீ இருபது வயதில் கப்பலேறிப் போனாய். அப்பாவையும் அம்மாவையும் கடைசி வரை நான் பார்த்தேன். அதற்கெல்லாம் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. ஒரே ஒரு பெண்ணைப் பெற்றேன், அவளையும் நீ எடுத்துக்கொண்டாய்.

அந்த ஈஸ்டருக்குச் சித்தியைப் பார்க்கப் போகிறேன் என்றாள். சந்தோஷப்பட்டுப் பழக் கேக் சுட்டுக் கொடுத்தனுப்பினேன். "கேக் பிரமாதம் அக்கா, நாங்கள் இரண்டு பேரும் கடை கடையாகச் சுற்றினோம்" என்று நீ அட்டை எழுதினாய். எட்டு வருஷமாக அந்த அட்டை என் சமையலறை அலமாரியில் இருந்தது. நேற்று அடுப்பில் போட்டேன்.

உன் அத்தான் கொனலிடம் சொல்லவில்லை. அவர் தாங்க மாட்டார்.

அசும்ப்டா


லிவர்பூல்
27 ஏப்ரல் 2018

அன்புள்ள அக்கா,

நான் "அன்புள்ள" போடுகிறேன். எனக்குக் கை ஒன்றும் ஒடிந்துவிடாது.

நீ நினைப்பதுபோல் அவள் என்னைத் தேடி வரவில்லை. அதைச் சொன்னால் உன் எரிச்சல் குறையுமா என்று தெரியாது, ஆனால் நடந்தது அதுதான். அப்போது நான் விமான நிலையப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். நம் ஊரிலிருந்து அந்தக் காரியத்துக்கு வரும் பெண்களை எனக்குப் பார்த்த உடனே தெரியும். ஒரு சின்னப் பை இருக்கும். கூப்பிட்டுப் போக யாரும் வந்திருக்க மாட்டார்கள். சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டே எங்கே இறங்குவது என்று கேட்பார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று பேர். நான் தெரு பெயரைச் சொல்லிவிட்டு வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.

அன்றைக்கு அந்த வரிசையில் ஈமர் ஏறினாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா கேக் குடுத்து விட்டாங்க சித்தி" என்றாள். அதுதான் முதல் வார்த்தை. எல்லாம் முடிந்தபின் கேக்கோடு என் வீட்டுக்கு வந்து, இப்போதுதான் வந்திறங்கினேன் என்று சொல்லத் திட்டம் போட்டிருந்தாள். நான் பகல் வண்டிக்கு மாறியது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வண்டியில் ஏறியிருக்க மாட்டாள், எனக்கும் தெரிந்திருக்காது. பையை எடுத்து என் இருக்கைக்குப் பின்னால் வைத்து, கடைசி நிறுத்தம் வரை உட்காரச் சொன்னேன். அவள் தனியாகப் போகவில்லை, அவ்வளவுதான் நான் செய்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ண ஆரம்பித்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சொன்னால் என்ன குற்றம்? உனக்கு வீட்டில் பேச ஆள் உண்டு. எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சட்டை இஸ்திரி போடுகிற நாள். சுமந்தாயா என்று கேட்டாயே அக்கா, அந்த வரியைக் கிழித்துவிட்டு மற்றதை வைத்திருக்கிறேன்.

டிம்ப்னா


இனிஷ்ரோன்
9 மே 2018

டிம்ப்னா,

அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. அவ்வளவுதான் சொல்வேன், அதற்கு மேல் எதிர்பார்க்காதே.

இங்கே எல்லோரும் என்னிடம் அநியாயத்துக்கு நல்லவர்களாக நடந்துகொள்கிறார்கள். பிரிஜிட் வெண்ணெயை நிறுக்கும்போது கை தாராளமாகப் போகிறது. ஞாயிறு பூசைக்குப் படகில் வந்த ஃபாதர், பிறக்காத குழந்தைகளுக்காக ஜெபித்துவிட்டு, என் பக்கம் பார்க்காமலிருக்க மேல்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்துக்கு நேரே யாராவது ஒரு வார்த்தை பேசினால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுப்பேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரேடியோவில் அவள் பேசியது போனவருஷப் புயலைப் போல ஆகிவிட்டது. எல்லோருக்கும் தெரியும், எவரும் குறிப்பிடுவதில்லை.

ஈமருக்கு நானே போன் பண்ணினேன். "ரேடியோ கேட்டேன்" என்றேன். "கேட்டியாம்மா" என்றாள். "வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?" என்றேன். "இல்லம்மா." "நான் இல்லைன்னுதான் போடப் போறேன், தெரியும்ல?" என்றேன். "சரிம்மா" என்றாள். எதற்கெடுத்தாலும் எனக்கு ஒரு சரிம்மா. வாசல் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே போகிற மாதிரி அதைச் சொல்லுவாள். உன்னிடமும் இப்படித்தானா? இல்லை என்று எனக்குத் தெரியும். உன்னிடம் சிரிப்பாள், அழுவாள், மூக்கைச் சிந்துவாள்.

இதைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த இரண்டு நாளும் அவள் என்ன சாப்பிட்டாள்? வலித்ததா? தூங்கினாளா? என்னைக் கேட்டாளா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதினாலும் போதும்.

அசும்ப்டா


லிவர்பூல்
15 மே 2018

அன்புள்ள அக்கா,

டோஸ்ட் சாப்பிட்டாள், ஆரஞ்சு மார்மலேடுடன். நீ கொடுத்த கேக்கைத் தொடவில்லை, பார்க்கவே முடியவில்லை என்றாள். நான்தான் முழுவதையும் தின்றேன், ஆகவே பிரமாதம் என்று எழுதியது பொய்யில்லை. வலித்தது. முதல் நாள் தூங்கவில்லை, இரண்டாம் நாள் மத்தியானம் வரை தூங்கினாள்.

உன்னைக் கேட்டாளா என்பதற்குப் பதில் உண்டு. சொல்ல மாட்டேன். அந்த இரண்டு நாளில் அவள் சொன்னது எனக்குச் சொன்னது. உனக்கு அவளுடைய முப்பது வருஷம் இருக்கிறது. இது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது, இதையும் உனக்குத் தபாலில் அனுப்பச் சொல்கிறாயா?

இப்போது என் பேருந்து நிறைய நம் ஊர்ப் பெண்கள். சட்டையில் பட்டையாக "ஆம்" வில்லைகள் குத்திக்கொண்டு, ஓட்டுப் போட விமானம் ஏறுவதற்கு இப்போதே டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறார்கள். முன்பு இந்தப் பக்கம் சின்னப் பையோடு வந்தவர்களில் சிலரும் இருக்கலாம். நேற்று ஒருத்தி, "நீங்க போகலையா?" என்று கேட்டாள். ஊரை விட்டு வந்து இத்தனை காலம் ஆனவர்களுக்கு ஓட்டுக் கிடையாதம்மா என்றேன். உனக்கு ஓட்டும் இருக்கிறது, பெண்ணும் இருக்கிறாள். நீ எனக்கு எழுதுகிறாய், வயிறு எரிகிறது என்று!

டிம்ப்னா


இனிஷ்ரோன்
25 மே 2018

டிம்ப்னா,

நாட்டுக்கு இன்றைக்கு ஓட்டு, எங்களுக்கு நேற்றே முடிந்துவிட்டது. காற்று கிளம்பினால் பெட்டி இங்கேயே மாட்டிக்கொள்ளும் என்று தீவுகளுக்கு ஒருநாள் முந்தி வைப்பது உனக்கு நினைவிருக்கும். அதிகாரியும் போலீஸ்காரரும் பெட்டியோடு காலைப் படகில் வந்தார்கள். அதே படகில் ஈமர் வந்தாள், "ஆம்" வில்லையோடு, தலை நிமிர்ந்து. நர்ஸ் வீட்டில் தங்கினாள். என் வாசலைக் கடந்துதான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஜன்னலிலிருந்து பார்த்தேன். போஸ்டரைப் பார்த்தாள், நிற்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் வரிசையில் நான் நின்றேன், எனக்குப் பின்னால் பிரிஜிட், அவளுக்குப் பின்னால் ஈமர். கொனல் காலையிலேயே வந்து போட்டுவிட்டுக் கடலுக்குப் போயிருந்தார். பிரிஜிட் இரண்டு பேருக்கும் நடுவில் சுவர் மாதிரி நின்று வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள், பாவம். ஈமர் படித்த அதே வகுப்பறை. மறைப்புக்குள் போனேன், நூலில் பென்சில் தொங்கியது. கொஞ்ச நேரம் நின்றேன். கொஞ்ச நேரமில்லை, நிறைய நேரம். அதிகாரி செருமினார். வெளியே வந்தபோது ஈமர் என்னைப் பார்த்தாள். நான் அவள் கழுத்தில் இருந்த மப்ளரைப் பார்த்தேன். புதுசு. நீ பின்னியது என்று தெரிந்தது, அந்தப் பின்னல் அம்மா உனக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தது.

இன்று காலைப் படகில் போய்விட்டாள். ஒரு கோப்பைத் தேநீர் கூடக் குடிக்கவில்லை என் வீட்டில்.

அசும்ப்டா


லிவர்பூல்
29 மே 2018

என் தங்கமான அக்கா,

இந்தக் கடிதத்தைச் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் எழுதுகிறேன். காகிதத்தில் அழுகை எடுபடாது என்றாலும் எழுதுகிறேன்.

கரையிலிருக்கிற நம் தபால்காரன் பாக்கி சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணினான். அவன் அந்த வேலையை விட்டாலும் விடுவான், ஓட்டு எண்ணுகிற இடத்தில் கம்பி வேலியில் சாய்ந்துகொண்டு கணக்கெடுப்பதை விட மாட்டான். ஒவ்வொரு பெட்டியாகக் கொட்டிச் சீட்டை விரிக்கும்போதே எட்டிப் பார்த்துக் கோடு போட்டு, எந்த ஊர் எப்படிப் போட்டது என்று அதிகாரிக்கு முன்னால் நாட்டுக்குச் சொல்லிவிடுகிற கூட்டம் அது. இனிஷ்ரோன் பெட்டியில் எல்லாம் "இல்லை", நான்கே நான்கு "ஆம்" என்றான். "ஈமர் ஒண்ணு, நர்ஸ் ஒண்ணு, விடுதி நடத்துற கோர்மாக் ஒண்ணு. நாலாவது யாருடி?" என்று என்னைக் கேட்டான்.

நாலாவது யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அத்தானா? ஃபாதரைக் கண்டாலே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்கிற மனிதர். பிரிஜிட்டா? சத்தியமாக இல்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு நிறைய நேரம் நின்றேன் என்று எனக்கு எழுதியது யார்?

நாடு மூன்றில் இரண்டு பங்கு ஆம் என்று போட்டிருக்கிறது. டப்ளின் கோட்டை முற்றத்தில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். மாவட்டங்களிலேயே நம் டொனிகால் ஒன்றுதான் இல்லை என்றது. என்னோடு வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணுகிறார்கள். பண்ணட்டும். வாசலில் அந்தப் போஸ்டரைக் கட்டி வைத்துக்கொண்டு, உள்ளே போய் மகளுக்காக மாற்றிப் போட்ட ஒரு பெண் டொனிகாலில் இருக்கிறாள், அவள் என் அக்கா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஈமரிடம் சொல்லிவிட்டேன். பொறுக்க முடியவில்லை. அவளும், "அம்மா உள்ள ரொம்ப நேரம் நின்னாங்க சித்தி, நான் பாத்தேன்" என்றாள். உன்னிடம் வருகிறாள்.

டிம்ப்னா


இனிஷ்ரோன்
12 ஜூன் 2018

டிம்ப்னா,

இந்தக் கடிதத்தை நீ உட்கார்ந்துகொண்டு படி.

முடிவு வந்த மறுநாள் பூசையில் யாரும் முடிவைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் நாலாவது ஓட்டைப் பற்றித்தான் பேசினார்கள். கோவில் வாசலில் ஆளுக்கு ஆள் விரல் மடக்கிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் வாய் மூடிக்கொண்டார்கள். பிரிஜிட்டின் வெண்ணெய் பழைய எடைக்கு வந்துவிட்டது. எல்லோரும் உன்னைப் போலவே கணக்குப் போட்டிருந்தார்கள் என்று தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஈமர் வந்தாள். படகுத்துறையிலிருந்து ஓடி வந்தாள் டிம்ப்னா, முப்பது வயசுப் பெண். வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். "தேங்க்ஸ்மா. எனக்குத் தெரியும்மா. தேங்க்ஸ்" என்றாள். அவள் தலைமுடியில் உப்பு வாசம். எத்தனை வருஷமாயிற்று அந்தத் தலை என் தோளில் சாய்ந்து! நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாள் இருந்தாள். எல்லாம் சொன்னாள். அந்தப் பையன் யார், உன் பேருந்து, கிளினிக்கின் பச்சைச் சுவர், என்னைப் பார்க்க பயந்து அடுத்த கிறிஸ்துமஸுக்கு வராமல் இருந்தது, எல்லாம். என் மடியில் படுத்துக்கொண்டு சொன்னாள். நீ சொல்ல மாட்டேன் என்றாயே, அதையும் சொன்னாள். மயக்கம் தெளிகிற நேரத்தில் "அம்மா எங்க" என்று கேட்டாளாம். நீ எனக்குத் தராததை அவளே தந்துவிட்டாள். உன்னை ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. அவ்வளவு இன்பம் எனக்குப் பல வருஷமாக இல்லை.

ஆனால் நான் போட்டது "இல்லை".

பென்சிலோடு நான் நின்றது உண்மை. ஆம் என்று ஒரு கோடு போட்டால் அவள் எனக்குத் திரும்பக் கிடைப்பாள் என்று நினைத்தேன். உன்னிடமிருந்து பிடுங்குவதற்கு ஓட்டுப் போடுவதா என்றும் நினைத்தேன். நான் நம்புவது எதுவோ அதைப் போட்டேன். நாளைக்கு வைத்தாலும் அதைத்தான் போடுவேன்.

அவள் போனபின் கொட்டகைக்குப் போனேன். கொனல் சிங்கி இறால் கூண்டு பின்னிக்கொண்டிருந்தார். "நீங்களா?" என்றேன். "ஆமா" என்றார். "உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன். "எட்டு வருஷமா" என்றார். "அன்னிக்கு அவளைக் கரைக்குக் கொண்டுவிட்டது நான்தானே. படகுல வாந்தி எடுத்தா. பொறந்ததுலேர்ந்து அவ கடல்ல வாந்தி எடுத்ததில்ல அசும்ப்டா." கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, அவர் பாட்டுக்குத் தெரிந்து வைத்திருந்தார். மூன்று நாளும் எதிரில் உட்கார்ந்து, தனக்குச் சேர வேண்டிய நன்றியை நான் வாங்கிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் பேசல?" என்றேன். "நீ சந்தோஷமா இருந்த" என்றார். அவரை அடிக்கலாம் போல இருந்தது. நீ, அவர், கடல், எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பெற்றவள் ஒருத்திக்குத்தான் தெரியவில்லை.

இதை நீ ஈமரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பழையபடி உன்னவள் ஆகிவிடுவாள். தெரிந்தேதான் உனக்கு எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அக்கா


லிவர்பூல்
19 ஜூன் 2018

அக்கா,

ஏன் என்னிடம் சொன்னாய்? ஃபாதர் இருக்கிறாரே, அவரிடம் சொல்லியிருக்கலாமே!

ஈமர் மூன்று வாரமாக எனக்கு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணாமல் இருந்தாள். போன ஞாயிறு பண்ணினாள். பண்ணி என்ன? அம்மா இப்படிச் சொன்னாங்க, அம்மா அப்படிச் சிரிச்சாங்க, அம்மா மாதிரி யாரும் இல்லை சித்தி. முக்கால் மணி நேரம் உன் புராணம். நான் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு உன் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். தொண்டை வரை வந்துவிட்டது. "அவ போட்டது இல்லைன்னு, ஆம்னு போட்டது உங்கப்பாதான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூச்சுவிடுகிற நேரம். சொல்லவில்லை. நல்லவள் என்று நினைத்துக்கொள்ளாதே. சொன்னால் அவள் அழுவாள், எனக்கு அது பிடிக்காது, அதனால்தான்.

அத்தான் மீதும் கோபமாக இருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று எட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பைக் கூட அவர் விட்டு வைக்கவில்லை.

உன் ஓட்டு உன்னுடையது. நீ இல்லை என்று போட்டதற்கு உன்னைத் திட்ட மாட்டேன். திட்டினாலும் கேட்க மாட்டாய். ஆனால் என் அவசரத்தால் அவளுக்கு ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டேன். நீ அதை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் இப்போது நேசிப்பது நாலாவது ஓட்டைப் போட்ட ஒரு அம்மாவை. அப்படி ஒருத்தி அந்தத் தீவில் இல்லை. இல்லாத ஒருத்தி மீது எனக்குப் பொறாமைப்படவும் வரவில்லை. நீயே சொல். நான் சொல்ல மாட்டேன்.

டிம்ப்னா


இனிஷ்ரோன்
3 ஜூலை 2018

அன்புள்ள டிம்ப்னா,

சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு லீவுக்கு வந்திருந்தாள். நல்ல காற்று, துணி சீக்கிரம் காய்ந்துவிட்டது. இரண்டு பேரும் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தோம், அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. "ஈமர், அந்த நாலாவது ஓட்டு நான் போட்டதில்ல. நான் இல்லைன்னுதான் போட்டேன். அது உங்கப்பா" என்றேன். அவள் பக்கத்து முனை கையை விட்டுப் போய்விட்டது. விரிப்பு சேற்றில் கிடந்தது. உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அவளும் கொனலும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. படகு கிளம்புகிற சத்தம் கேட்டது. சேற்றுத் துணியை மறுபடி ஊறப் போட்டேன். அவ்வளவுதான், முடிந்தது, இனி அவள் உனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். லிவர்பூலில் உன் போன் அடித்துக்கொண்டிருக்கும் என்று கூட நினைத்தேன்.

என் போன் அடித்தது. கரையில் இறங்கியதும் கூப்பிட்டிருக்கிறாள்.

"மூணு நாளு உன் மடியில படுத்து அழுதேன்மா! ஒரு வார்த்தை சொன்னியா?" என்று கத்தினாள். நான் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "இப்பவும் இல்லைன்னுதானே போடுவ?" என்றாள். "ஆமா" என்றேன். "அப்ப ஏன்மா சும்மா இருந்த?" "நீ வந்தியே" என்றேன். பிறகு ஆரம்பித்தாள் பார். வாசல் போஸ்டருக்குத் திட்டினாள். ரேடியோவில் பேசியபோது ஏன் பக்கத்தில் வந்து உட்காரவில்லை என்று திட்டினாள். நானும் விடவில்லை. "நர்ஸ் வீட்டுல தங்கினியே, அது என்ன?" என்றேன். "உன் வீட்டு வாசல்ல என்னைக் கொலைகாரின்னு எழுதித் தொங்க விட்டிருந்தியே, அதுக்குள்ள நுழையணுமா?" என்றாள். நியாயம்தான் என்று அவளிடமே சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம், அழுதுகொண்டே இன்னும் சண்டை போட்டோம். நடுவில் அவள் போன் செத்துவிட்டது. முடிந்தது என்று வைத்தேன். உடனே மறுபடி அடித்தது. தபால் நிலையத்தில் பாக்கியின் போனை வாங்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பாக்கி பக்கத்திலேயே நின்றிருப்பான், நாளைக்கு நாட்டுக்கே சொல்லிவிடுவான், சொல்லட்டும்.

"இன்னும் நான் முடிக்கல. நாளைக்குப் பேசுறேன்" என்று சொல்லி வைத்தாள். மறுநாளும் பேசினாள். திட்டத்தான். நேற்றும் திட்டினாள்.

அவள் ஓட்டை நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை, என் ஓட்டை அவளும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் அவள் எதையும் மறைக்காமல் பேசுகிறாள். நீ எழுது டிம்ப்னா, எனக்குத் தெரிய வேண்டும்: உன்னோடு அவள் ஒரு நாளாவது இப்படிச் சண்டை போட்டிருக்கிறாளா?

அக்கா